கேள்வித்தாளோடு வந்தவர்கள் விடையோடும் வரவேண்டும்: இளையோர் மனநல ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இளையோர் மனநலம் பற்றி ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினருக்கும், பள்ளிக் கதவைத் திறந்துவிடும் கல்வித்துறை, நல்வாழ்வுத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியை. 19 ஆண்டுகளாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் என்னைத் தமிழம்மா என்று கூப்பிடுவார்கள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் உங்கள் ஆய்வுகள் எந்தப் பிள்ளைகளைப் பற்றியவையோ, அந்தப் பிள்ளைகளோடு தினமும் ஏழெட்டு மணி நேரம் இருப்பவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம், ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு ஆய்வு மாணவிகள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். கையில் தலைமையாசிரியை கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், ஒரு கட்டு கேள்வித்தாள். என் பீரியடைக் கொடுத்தேன். இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவை. 'கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் நம்பிக்கையின்மையை உணர்ந்தீர்களா?' என்று ஒரு கேள்வி. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அம்மா, நம்பிக்கையின்மைன்னா சாமி நம்பிக்கை இல்லாததாம்மா?" இன்னொருத்தி, "இதுக்கு மார்க் உண்டா?" என்றாள். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பெண் எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பின்னால் இருந்த ஆறேழு பேர் தங்கள் விடையை ரப்பரால் அழித்துவிட்டு அப்படியே போட்டார்கள். சரியான விடை ஒன்று இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். பாவம், பள்ளிக்கூடத்தில் அவர்களிடம் கொடுக்கப்பட்ட எந்தத் தாளுக்குத்தான் சரியான விடை இல்லாமல் இருந்தது?

மணி அடித்ததும் தாள்களை நான்தான் வாங்கி அடுக்கினேன். ஒரு தாளில் கண் நின்றுவிட்டது. உயிரோடு இருப்பதில் விருப்பமில்லை என்ற பொருளில் வந்த கேள்விக்கு, 'கிட்டத்தட்ட தினமும்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்திருந்தாள் ஒருத்தி. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. அதன்மேல் கடைசியாக ஒரு டிக். பெயர் இல்லை, எண் மட்டும். "இது யாரோடதுன்னு பாக்க முடியுமா?" என்று அந்த மாணவிகளிடம் கேட்டேன். "இல்ல மேடம், ரகசியம் காக்கணும், பேர் கேக்கக் கூடாது" என்றார்கள். தாள்களைக் கயிற்றில் கட்டினார்கள், வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

அந்த இருவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 23, 24 வயது இருக்கும். செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டிய அவசரம். வழிகாட்டி சொன்னதைச் செய்தார்கள். என் கேள்வி அவர்களை அப்படி அனுப்பியவர்களுக்கானது. ஒரு குழந்தை தாளில் அப்படி ஒரு கட்டத்தில் குறி வைத்தால் அன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும் என்று உங்கள் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரி இருந்ததா? இல்லாமலே எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது? ரகசியம் காப்பது அவளைக் காப்பாற்றுவதற்காகத்தானே?

தாள் வாங்கிய வரிசையை வைத்து அது எந்த பெஞ்ச் என்று எனக்குத் தெரியும். அந்த பெஞ்சில் மூன்று பேர். மூவரிடமும் தனித்தனியாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் வாய் திறக்க மூன்று வாரம் ஆனது. அவள் அம்மாவோடு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கு நானும் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. மனநலப் பிரிவு ஓ.பி. வரிசையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் அந்தம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு ஊரில் சொல்லிடுவாங்க டீச்சர், பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை யாரு குடுப்பா என்றார். 1794ல் தொடங்கிய ஒரு மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களுக்கு மருந்தும் நிழலும் தந்த இடம். அதன் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதற்கான விலையை அந்த வரிசையில் நிற்கும் அம்மாக்கள் கொடுக்கிறார்கள்.

அந்தப் பெண் இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி. ஆய்வு முடிவு மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. ஒப்புதல் படிவத்தில் இருந்த முகவரிக்கு இரண்டு முறை கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இதனால் ஆய்வே வேண்டாம் என்று சொல்வேன் என நினைத்துவிடாதீர்கள். சொல்ல வருவது நேர்மாறானது. நல்ல ஆய்வு நம் ஊரில் என்ன செய்திருக்கிறது என்று தேடிப் படித்தவள் நான்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரம். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. அங்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை, ஊர் ஊராகப் போய் வீட்டாரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர். 2004ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இது வந்தபோது பலர் நம்ப மறுத்திருப்பார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் 'வயிற்றுவலி தாங்காமல்' என்று முடிந்துபோகும் கதைகள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களிடம்தான் உண்மையாக வெளிவந்தன. வாரந்தோறும் அந்தத் தெருவில் நடக்கிற சுகாதாரப் பணியாளர், ஊர்க்காரர், மருத்துவர் மூவரும் சேர்ந்தபோதுதான் அந்தக் கணக்கு கிடைத்தது. பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டரை மடங்கு என்பதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்பு முழுக்கப் பெண் பிள்ளைகள்.

இன்னொன்றும் நம் ஊரில் நடந்ததுதான். பொதுத்தேர்வில் தவறிய பிள்ளை ஒரு வருடம் வீட்டில் முடங்கிக் கிடக்காமல், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதிக் கூடப் படித்தவர்களோடு மேலே போகலாம் என்ற ஏற்பாடு. சென்னையில் 1986ல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள், தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்களை இந்த ஏற்பாடு குறைத்தது என்று தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். 2017ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. முன்பெல்லாம் ரிசல்ட் நாளன்று பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். மாத்திரையும் ஊசியும் இல்லாமல், தேர்வுத்துறை ஒரு தேதியை மாற்றி வைத்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். மனநல மருத்துவர் சொல்வதைக் கல்வித்துறை காதுகொடுத்துக் கேட்டால் இவ்வளவு நடக்கும்.

இப்போது எனக்குக் கொஞ்சம் வலித்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது, 2018ல் வெளிவந்தது. கோவாவில் மனநலப் பணி செய்யும் சங்காத் என்ற அமைப்பினர் முன்னின்று நடத்தியது. ஒரு பகுதிப் பள்ளிகளில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒரு ஆலோசகரை வைத்தார்கள். இன்னொரு பகுதியில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியரிடமே கொடுத்தார்கள். பிள்ளைகள் மனத்தில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர் இதழ், குழுக் கூட்டம், தனிப் பேச்சு என்று இரண்டு இடத்திலும் ஒரே ஏற்பாடு. முடிவு என்ன தெரியுமா? ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலே மாறியது. பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் துன்புறுத்துவது குறைந்தது. ஆசிரியர் செய்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

படித்ததும் கோபம்தான் வந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக நாங்கள்தானே என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்தபின் அது உண்மை என்று ஒத்துக்கொண்டேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவள் நான். "உங்கப்பாவ கூட்டிட்டு வா" என்று சொல்கிறவளும் நான். என்னிடம் சொன்னால் ஸ்டாஃப் ரூமுக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. போதாக்குறைக்கு எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, இலவசப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை. ஒரு பிள்ளை அழத் தொடங்கும் நேரத்தில்தான் மணி அடிக்கும்.

ஆகவே, 'ஆசிரியர்களுக்கு ஒருநாள் மனநலப் பயிற்சி' என்று மாவட்டத் தலைநகரில் நடத்திவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலமும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள், அது தேவை. ஆனால் கேட்பதற்கு வேறொருவர் வேண்டும். 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் ஒரு தகுதிபெற்ற ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. எங்கள் பள்ளியில் 900 பிள்ளைகள். ஆலோசகர் யாரும் இல்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், எல்லாப் பள்ளிக்கும் பட்டம் பெற்றவர் உடனே கிடைக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு யோசனை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சொல்லிக்கொடுக்க அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வந்தார்கள். டிகிரி முடித்து வேலை இல்லாமல் இருந்தவர்கள், கல்யாணமாகி வந்த ஊரில் யாரையும் தெரியாமல் இருந்தவர்கள். மாலையில் திண்ணையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, பாடத்தோடு சேர்த்து அவர்கள் வீட்டுக் கதையையும் கேட்டார்கள். என் மாணவிகள் என்னிடம் சொல்லாததை அந்த அக்காவிடம் சொன்னார்கள். பீகாரில் பலன் தந்த முறை இங்கே இந்த அக்காக்களைக் கொண்டு பலன் தருமா? சரியான பயிற்சி, மாதச் சம்பளம், சிக்கலான பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று கேட்க ஒரு மருத்துவர், இவ்வளவும் கொடுத்துச் சில பள்ளிகளில் சோதித்துப் பாருங்கள். சம்பளம் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். அக்காக்களின் அன்பை இலவசமாக வாங்கிப் பழகிவிட்டோம்.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் நகர மெக்கில் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, முதல்முறையாகக் கடும் மனநோய்க்கு ஆளான இளைஞர்களை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கவனித்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். பேச்சு குறைவது, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிக் கிடப்பது போன்ற அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகத் தணிந்தன. குடும்பத்தார் சிகிச்சை முழுக்கக் கூடவே நின்றதை அதற்கு முக்கியக் காரணமாகப் பார்த்தார்கள். பணக்கார நாட்டவர் நம்மிடம் கற்றுக்கொண்ட விஷயம் இது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்த அந்த அம்மாதான் அந்த முடிவின் பொருள்.

ஆனால் பெண்கள் பள்ளியில் இருப்பவள் என்பதால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. சில பிள்ளைகளுக்கு நோவே வீட்டிலிருந்துதான் வருகிறது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஆய்வில் சேர்க்க மாட்டீர்கள். நியாயம்தான். ஆனால் "அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரும்மா" என்று படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொள்கிற பிள்ளை உங்கள் கணக்கில் வருவதே இல்லை. அவளுக்குத்தான் நீங்கள் அதிகம் தேவை. டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416ஐக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். 2022 முதல் இயங்கும் நல்ல சேவை, எந்நேரமும் கூப்பிடலாம். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது. அப்பா போனிலோ அண்ணன் போனிலோ பேசினால் யாருக்குப் பேசினாய் என்ற கேள்வி வரும். பள்ளியிலேயே, கதவு மூடிய ஓர் அறையில், ஒரு தொலைபேசி வைத்தால் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? பெரிய செலவில்லாத கேள்வி. யாராவது ஆய்ந்து பாருங்களேன்.

தேசிய மனநல ஆய்வு 2015-16ல், 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் என்றது. 52 பேர் உள்ள என் வகுப்பில் அது நான்கு பேர். அந்த நான்கு பேரைப் பற்றித் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களில் ஒருத்தியும் இருப்பதில்லை என்பதுதான் என் பெரிய குறை. சென்னையோடு ஆய்வு செய்த அதே மாண்ட்ரியல் குழுவினர், 2014 முதல் தங்கள் நாட்டில் ஆக்சஸ் ஓப்பன் மைண்ட்ஸ் என்ற பெயரில் இளையோருக்கான சேவையை மாற்றியமைத்தபோது, இளையோருக்கு ஒரு மன்றம், குடும்பத்தாருக்கு ஒரு மன்றம் வைத்து அவர்களோடு சேர்ந்தே வேலை செய்தார்கள். இங்கே? நலம்பெற்று இன்று கல்லூரியில் படிக்கும் என் மாணவியைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வி பிள்ளைக்குப் புரியாது, எந்த இடத்தில் பொய் சொல்லுவாள், எந்த வார்த்தை கேட்டால் அழுதுவிடுவாள் என்று உங்களுக்குச் சொல்லுவாள். அவளை ஆய்வுக் குழுவில் சேருங்கள். மரியாதையாக, ஊதியத்தோடு.

வார்த்தை என்றதும் தமிழாசிரியைக்கு நாக்கு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'டிப்ரஷன்' என்ற சொல் என் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ரீல்ஸில் கேட்டது. போனில் சார்ஜ் போனால்கூட "செம டிப்ரஷன்" என்பார்கள். 'மனச்சோர்வு' என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகச் சொல், தேர்வுக்குப் பொருள் எழுதுவது. நடுவில் இருக்கும் உண்மையான நோவுக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் உடம்பைப் பற்றியவை. தலைவி படும் பிரிவுத் துயரைப் பசலை என்று தோலின் நிறத்தில் எழுதிய மொழி நம்முடையது. மனத்தின் வலியை உடம்பின் வழியாகச் சொல்வது நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். தலைவலி என்று சிக் ரூமுக்கு வரும் பெண்ணை நான்கு முறை பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டு, 'இவ்வட்டாரத்தில் மனச்சோர்வு குறைவு' என்று அறிக்கை எழுதினால் அது யார் தவறு?

சென்ற மாதம் என் பிளஸ் ஒன் வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். மனசு சரியில்லாதபோது நீங்கள் என்ன சொல்வீர்கள், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள் என்றேன். பெயர் வேண்டாம், என்னிடமோ வேறு யாரிடமோ பேச வேண்டும் என்று தோன்றினால் மட்டும் பெயர் எழுதுங்கள் என்றேன். இரண்டு பேர் எழுதினார்கள். அன்று சாயங்காலமே இருவரிடமும் பேசினேன். ஒருத்தியை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறோம்.

மற்ற சீட்டுகளில் இருந்தவை: ஒரு மாதிரியா இருக்கு. நெஞ்சு அடைக்குது. தலை கனக்குது. எதுவும் புடிக்கல. கடுப்பா இருக்கு. சோறு இறங்கல. படபடன்னு வருது. யார் பேசினாலும் எரிச்சலா வருது. பதினொரு பேர் வெறும் 'தலைவலி' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு சீட்டு வெறுமையாக மடித்துக் கொடுக்கப்பட்டவை. ஒன்றில், 'ஒன்னும் சொல்ல மாட்டேன், மாடு கட்ற எடத்துல போயி உக்காந்துப்பேன்' என்று இருந்தது.

இந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த கேள்வித்தாளை எழுதும் முன் வந்து பாருங்கள். அதை இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்கள் முன்னால் தமிழில் சொல்லுங்கள். வியாழக்கிழமை கடைசிப் பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. அன்று வந்தால் நிதானமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.